சுவருக்கு அப்பால் இருபது டிகிரி

ஒரு வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்கிடுவது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமானால், ஒழுகுகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீடும் அப்படித்தான். சுவர் வழியாக ஒழுகும், ஜன்னல் வழியாக ஒழுகும், கூரை வழியாக ஒழுகும், கதவிடுக்கில் நுழைகிற காற்று தன் பங்குக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். வெளியே மைனஸ் பதினாறு, உள்ளே இருபது வேண்டும் என்றால் வித்தியாசம் முப்பத்தாறு. சுவரின் பரப்பையும், அந்தச் சுவர் எவ்வளவு தாராளமாகச் சூட்டை விடுகிறது என்ற எண்ணையும், இந்த வித்தியாசத்தையும் பெருக்கினால் அந்தச் சுவரின் ஒழுக்கு தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டினால் வீட்டின் மொத்தத் தேவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவர். இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கமும் இருபது என்றால் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். சுவர் இருக்கும், அதில் ஆணி அடிக்கலாம், படம் மாட்டலாம். ஆனால் கணக்கில் அது இல்லை.

எங்கள் மலையூரான ஓபர்வால்டில் இந்தக் கணக்கைப் போடுவதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. ஊருக்கு வெளியே மரச்சில்லு எரிக்கும் ஆலை. அங்கிருந்து வெந்நீர் குழாய் வழியாக வீடு வீடாக வரும். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதை வட்டார வெப்பக் கணக்கு வாரியம் தன் தரவிதிப்படி கணக்கிட்டு, வால்வை அந்த அளவுக்குத் திருப்பி, ஈய முத்திரை வைத்துவிடும். முத்திரையைத் தொட்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. தொடலாம் என்று நினைத்தவர்களும் இல்லை.

தரவிதியின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது: பொதுச்சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருபது டிகிரியில் இருப்பதாகக் கொள்ளப்படும்.

அப்படியே கொள்ளப்பட்டு வந்தது. இலையுதிர் காலத்தில் லீஸல் இறந்துபோனாள்.

லீஸலும் ரோஸ்வீத்தாவும் அக்கா தங்கை. அவர்களுடைய அப்பா ஒரே கூரையின் கீழ் நடுவில் ஒரு கல்சுவர் எழுப்பி இரண்டு வீடாகக் கட்டி, ஆளுக்கொன்று கொடுத்தார். தங்கை ரோஸ்வீத்தா, பேருந்து ஓட்டிய கோட்ஹார்ட் ஊலிக்கை மணந்துகொண்டு இடப்பக்கம் குடியிருந்தாள். அக்கா தன் மகனை வளர்த்து ஆளாக்கி, கடற்கரை நகரமான ரோஸ்டாக்குக்கு அனுப்பிவிட்டு வலப்பக்கம் தனியாக இருந்தாள். அடக்கம் முடிந்ததும் மகன் குழாய்களிலிருந்த தண்ணீரை வடித்து, வால்வை மூடி, சாவியைக் கோட்ஹார்டிடம் கொடுத்துவிட்டுப் போனான். உறைபனி வந்தது. லீஸலின் வீடு மெல்ல மெல்ல இறங்கி மூன்று டிகிரிக்கு வந்து நின்றது.

சூடு யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை. அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். ரோஸ்வீத்தாவின் கட்டில் அந்தக் கல்சுவரை ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு நுரையீரல் பழுது. மாடி ஏற முடியாது. பிராணவாயு இயந்திரம் இரவும் பகலும் கட்டிலருகே உறுமிக்கொண்டிருக்கும். அதனால் அந்த அறையில் நெருப்பு கூடாது. குளிர்ந்த காற்று உள்ளே போனால் மூச்சுக்குழல் சுருங்கும், அறை இருபத்தொன்றில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அறை பதினாறைத் தாண்டவில்லை.

கோட்ஹார்ட் வாரியத்துக்குப் போனார். முகப்பு மேசையில் மேல்ஹார்ன். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். லீஸலின் அடக்கத்திலும் பாடினார்.

"என்ன விஷயம், ஊலிக் ஐயா?"

"ரூம் சூடேற மாட்டேங்குது. பதினாறுலயே நிக்குது."

மேல்ஹார்ன் திரையைப் பார்த்தார். "உங்க ரூம் இருபதுல இருக்கே."

"எங்க இருக்கு?"

"இங்க."

"நான் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் வரேன்."

"தெர்மாமீட்டர் அந்த நிமிஷத்துக்கு என்ன இருக்கோ அதைத்தான் காட்டும் ஐயா. கதவைத் திறந்தா மாறும், வெயிலடிச்சா மாறும். அதை நம்பி ஒரு ஊரை நடத்த முடியுமா? கணக்குல இருக்கற டிகிரி மாறவே மாறாது."

"பக்கத்து வீடு காலியா கெடக்கு. லீஸல் போயிட்டா. நீங்கதானே பாடினீங்க."

"அதை நெனச்சா இப்பவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு." உண்மையாகவே அவர் கண் கலங்கியது. "ஆனா ஒன்பதாம் பிரிவுக்கு அவங்க இருபது டிகிரியிலதான் இருக்காங்க."

கோட்ஹார்ட் மேசையை விட்டு நகரவில்லை. முப்பது வருடம் மலைப் பாதையில் பேருந்து ஓட்டியவர். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவர். மேல்ஹார்ன் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்காகச் சொல்றேன். நம்ம ஊர்ல எத்தனை வீடு பூட்டிக் கெடக்கு, பாத்தீங்களா? ஒருத்தர் செத்தா ரெண்டு பக்கத்துச் சுவரும் ஒழுக ஆரம்பிச்சுடும். எல்லா ஒழுக்கையும் கணக்குல சேத்தா ஆலை தாங்காது. ஆலையைப் பெருசாக்கணும்னா, ஊர்ல ஆள் கொறைஞ்சு போச்சு, எதுக்குப் பெருசுன்னு மேலேருந்து கேப்பாங்க. அதனால கமிட்டி உக்காந்து யோசிச்சு, கணக்குல யாரும் சாக வேண்டாம்னு ஏகமனதா முடிவு பண்ணாங்க. மனிதாபிமானத்தோட எடுத்த முடிவு ஐயா. எங்க அம்மாகூட இன்னும் இருபது டிகிரியிலதான் இருக்காங்க."

இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. பக்கத்து வீடு உபயோகத்தில் இல்லை என்று வாரிசு எழுதித் தர வேண்டும், பிறகு வாரியத்தின் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். லீஸலின் மகன் அன்றைக்கே எழுதி அனுப்பினான். ஆய்வாளர் வரும் வரை நாங்கள் காத்திருந்தோம்.

நாங்கள் என்றால் சுரங்கத் தெருக்காரர்கள். தெருவின் தலைவி என்று யாரும் தேர்ந்தெடுக்காத குட்ரூன் ஒரு யோசனை சொன்னாள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனின் உடம்பு ஏறத்தாழ நூறு வாட் சூடு தரும், பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. கல்சுவர் வழியாக லீஸல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது முந்நூறு வாட். அப்படியானால் மூன்று பேர் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

உட்கார்ந்தோம். நானும் ஒரு நூறு வாட்டாக நாற்காலி போட்டுக்கொண்டேன். ரோஸ்வீத்தாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னைக்கு எத்தனை பல்பு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பாள்.

"மூணு," என்பார் கோட்ஹார்ட்.

"குட்ரூனை ரெண்டா எண்ணு."

"ஏன்டி, எனக்கு இடுப்பு இல்லாமப் போனது உன்னால. நீ இத்தனை வருஷம் அனுப்பின கேக்கெல்லாம் எங்க போகும்?" என்பாள் குட்ரூன்.

அறை பதினேழரைக்கு ஏறும். ஆனால் மூன்று பேர் மூச்சு விட்டால் காற்று கனத்துப்போகும், ஜன்னல் கண்ணாடி வியர்க்கும். காற்றாட விடாத அறை எங்கள் ஊரில் பாவம். எனவே குட்ரூன் எழுந்து ரோஸ்வீத்தாவுக்குத் தலைவரை போர்த்திவிட்டு, ஜன்னல் இரண்டையும் விரியத் திறப்பாள். நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த சூடு முழுவதும் தெருவுக்குப் போய்விடும். மூடுவாள். மறுபடி உட்காருவோம். திறக்காமல் இருக்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

சுவரில் பழைய கம்பளங்களையும் மெத்தை உறைகளையும் தொங்கவிட்டோம். மின்கணப்பு ஒன்று கொண்டுவந்தோம். அதுவும் பிராணவாயு இயந்திரமும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போனது. இயந்திரத்தை நிறுத்த முடியாது. கணப்பு மூலையில் கிடந்தது.

ஆய்வாளர் முனைவர் ஸைஃபர்ட் ஒரு மாலை வந்தார். மென்மையான பெண்மணி. காலணிக்கு மேல் நீலப் பை மாட்டிக்கொண்டு, நோயாளியிடம் குனிந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அறையின் நீளம், அகலம், உயரம் அளந்தார். கோட்ஹார்ட் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் காட்டினார். அழகான மரவேலை என்று ஸைஃபர்ட் பாராட்டினார்.

பிறகு சுற்றிலும் பார்த்தார். "இந்த மெஷின் எவ்வளவு வாட்?"

"முந்நூறு," என்றார் கோட்ஹார்ட்.

"நாள் முழுக்க ஓடுதா?"

"அது நின்னா இவ நின்னுடுவா."

"அப்படின்னா அது நிலையான உள்வெப்ப வரவு." எழுதிக்கொண்டார். "இவங்க எல்லாம்?"

"தெருக்காரங்க. சும்மா பாத்துட்டுப் போக வந்தாங்க."

"தெனமும் வருவாங்களா?"

குட்ரூன் நெஞ்சை நிமிர்த்தினாள். "ஒரு நாள் தவறினதில்ல."

"ஆளுக்கு நூறு, மூணு பேர்." எழுதினார். "சுவர்ல தொங்கறது?"

"கம்பளம்."

"நல்ல காப்பு. சுவரோட மதிப்பு உயர்ந்திருக்கு." எழுதினார். மூலையில் கிடந்த மின்கணப்பையும் எழுதினார். அது ஓடுவதில்லை என்று கோட்ஹார்ட் சொன்னதை, ஓடக்கூடியது என்று எழுதிக்கொண்டார். கடைசியில் கட்டிலைப் பார்த்துத் தயங்கி, "நோயாளி, எண்பது வாட்," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

கூட்டிப் பார்த்தபோது அறைக்குச் சேரும் வரவு, அறையின் தேவையைவிடச் சற்று அதிகமாக இருந்தது.

"ஊலிக் ஐயா, கண்டிப்பா சொன்னா உங்க பங்கைக் கொறைக்கணும்," என்றார் ஸைஃபர்ட், வருத்தத்தோடு. "நான் செய்யல. நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. மத்த ஊர் வாரியம் மாதிரி வீட்டை மட்டும் பாத்துட்டுப் போறவங்க இல்ல நாங்க. மனுஷங்களைப் பாக்கறோம். ஒவ்வொருத்தரும் எத்தனை வாட்னு எங்களுக்குத் தெரியும்."

"பொதுச்சுவர்?" என்றார் கோட்ஹார்ட்.

"ஆமா, அதுக்குத்தானே வந்தேன். பக்கத்து வீடு உபயோகத்துல இல்லன்னா சுவரை வெளிச்சுவர் மாதிரி எடுத்துக்கலாம். இந்த வரவெல்லாம் கழிச்சும் உங்களுக்கு நானூறு வாட்டாவது கூடும்."

கோட்ஹார்டின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடிற்று. வீட்டைக் காட்டுகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் ஸைஃபர்ட் நின்றுவிட்டார்.

லீஸலின் ஜன்னலில் வளைவு எரிந்துகொண்டிருந்தது.

அட்வெண்ட் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த வாரங்களில் எங்கள் மலையில் எல்லா வீட்டு ஜன்னலிலும் மரத்தில் அறுத்த வளைவு விளக்கு ஏற்றி வைப்போம். சுரங்கத்திலிருந்து இருட்டில் வீடு திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய வழக்கம். சுரங்கங்கள் மூடிவிட்டன, வழக்கம் மூடவில்லை. ரோஸ்வீத்தாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் தெருவுக்கு எதிரே குவிந்த பனியில் இரண்டு மஞ்சள் வளைவுகள் பக்கம்பக்கமாக விழுந்திருக்கும், ஒன்று இவர்களுடையது, ஒன்று லீஸலுடையது. முதல் அட்வெண்ட் ஞாயிறன்று ஒன்றுதான் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாளிலிருந்து கோட்ஹார்ட் மாலைதோறும் போய் அந்த ஜன்னலில் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

"காலி வீடுன்னு சொன்னீங்க," என்றார் ஸைஃபர்ட்.

"காலிதான். விளக்கு நான் போட்டது."

"ஆளில்லாத வீட்டுல எதுக்கு?"

குட்ரூன்தான் முன்னால் வந்தாள். "இந்தத் தெருவுல அட்வெண்ட்ல ஜன்னலை இருட்டா விட மாட்டோம்மா. நீங்க சமவெளிப் பக்கமோ?"

"நான் இந்த மலைக்காரிதான். எங்க அப்பா கடைசி வரைக்கும் கையாலயே வளைவு அறுத்தவர்." ஸைஃபர்டின் குரலில் முதல்முறையாகப் பெருமை வந்தது. "அதனாலதான் சொல்றேன். தலைநகரத்துலேர்ந்து வந்த தரவிதியில நம்ம வழக்கத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது. நாங்க போராடி நாலாம் இணைப்பைச் சேர்த்தோம். அட்வெண்ட் காலத்துல ஜன்னல்ல வளைவு எரியற வீடு குடியிருக்கற வீடு. மரபையும் அறிவியலையும் சேர்த்ததுக்காக எங்களுக்கு விருதுகூடக் கிடைச்சுது. அதை நானே மீற முடியுமா?"

"உள்ள வந்து பாருங்க. மூணு டிகிரிதான் இருக்கு."

"உள்ள போறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல ஐயா. குடியிருக்கற வீடு." கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி வந்தார். உண்மையிலேயே நல்ல மனுஷி. "அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவேன். ஜன்னல் இருட்டா இருந்தா எழுதிடறேன். வேற எதுவும் வேண்டாம்."

மறுநாள் மாலை கோட்ஹார்ட் லீஸலின் வீட்டுக்குப் போகவில்லை. ரோஸ்வீத்தாவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவரே, லீஸல் ஜன்னல் ஏன் இருட்டா இருக்கு?"

"பல்பு போயிடுச்சு."

"மாத்து."

"மாத்தறேன். கடையில இல்லயாம்."

"அட்வெண்ட்ல, நம்ம ஊர்க் கடையில, வளைவுக்குப் பல்பு இல்ல." கரண்டியை விலக்கினாள். "முப்பது வருஷம் வண்டி லேட்டா வந்ததுக்கெல்லாம் ஜனங்ககிட்ட எப்படிப் பொய் சொன்ன? இப்படியா?"

அவர் சொல்லிவிட்டார். ஒன்பதாம் பிரிவு, நாலாம் இணைப்பு, நானூறு வாட், எல்லாம். அவள் கவனமாகக் கேட்டாள். மூச்சு வாங்க இரண்டு முறை கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"அப்ப, எனக்குச் சூடு வேணும்னா அவளை அணைக்கணும்."

"ஒரு வாரம்தான். அப்புறம் போட்டுக்கலாம்."

"அப்புறம் போட்டா மறுபடி குடியிருக்கற வீடுன்னு சொல்ல மாட்டாங்களா?"

கோட்ஹார்ட் அதை யோசித்திருக்கவில்லை.

"போய்ப் போட்டுட்டு வா," என்றாள். "எனக்குப் போர்வை இருக்கு. நீ இருக்கே. இந்தக் கூட்டமெல்லாம் இருக்கு. அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவர் போய் விளக்கைப் போட்டார். உடனே திரும்பி வரவில்லை. குட்ரூன் எட்டிப் பார்க்கப் போனபோது, லீஸலின் படுக்கையறையில் கோட் போட்டபடி நின்று, கல்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாராம்.

"என்னய்யா பண்ற?"

"இங்க இருபது இருக்குன்னுதானே அவங்க சொல்றாங்க?"

"ஆமா."

"அப்ப இருக்க வெச்சுட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஆலை இணைப்பு வந்தபோது எல்லா வீடுகளிலும் பழைய விறகுக் கணப்புகளை எடுத்துவிட்டார்கள். லீஸல் மட்டும் தன்னுடையதன் மேல் பூந்தொட்டிகளை அடுக்கி, அது அலமாரி என்று சாதித்துவிட்டாள். பச்சை ஓடு பதித்த, ஆள் உயரக் கணப்பு, படுக்கையறையில் அந்தச் சுவரை ஒட்டியே நின்றது. கோட்ஹார்ட் தொட்டிகளை இறக்கினார். எங்கள் கொட்டகைகளிலிருந்து விறகு வந்தது. புகைபோக்கி முதலில் இருமியது, பிறகு இழுத்தது.

கல்சுவரைச் சூடாக்குவது காற்றைச் சூடாக்குவது போலில்லை. காற்று சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். கல் நாட்கணக்கில் சூட்டை விழுங்கிக்கொண்டே இருக்கும், முகத்தில் ஒன்றும் காட்டாது. நடுவில் ஓர் இரவு விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே கணப்புக்குச் சில மணிக்கொரு தரம் கட்டை போட வேண்டும். வாசற்படிகள் பனியில் கண்ணாடியாகக் கிடந்தன. இடுப்பெலும்பில் உலோகம் வைத்திருக்கும் மனிதர் இருட்டில் போய்வர முடியாது. கோட்ஹார்ட் தன் தலையணையை எடுத்துக்கொண்டு லீஸலின் வீட்டுக்குக் குடிபோனார். நான் போடுகிறேன் விறகு, நீங்கள் மனைவியிடம் இருங்கள் என்று எங்களில் இரண்டு பேர் சொன்னோம். கணப்பு இருந்த மூலையைத் தவிர அந்த வீடு முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தது. இதில் இன்னொருவரைப் படுக்க வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

பகலில் மனைவியிடம் வந்து உட்காருவார். இருட்டினால் அந்தப் பக்கம் போய்விடுவார். இரவில் குட்ரூன் அவளோடு படுத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வருடம் ஒரே அறையில் தூங்கிய இருவருக்கும் நடுவில் இப்போது முழங்கை நீளக் கல். அந்தச் சுவர் சத்தத்தை விடாது. சூட்டை மட்டும் விடும்.

அறை ஏறத் தொடங்கியது. பதினேழு. சில நாள் கழித்துப் பதினெட்டு. கம்பளங்களை அவிழ்த்துவிட்டோம், சுவர் இப்போது வாங்குகிற சுவராக இல்லை, தருகிற சுவராக மாறிக்கொண்டிருந்தது. நான்காம் அட்வெண்ட் ஞாயிறன்று இருபது. ரோஸ்வீத்தா கன்னத்தைச் சுவரில் வைத்துப் படுத்திருப்பதைக் கோட்ஹார்ட் பார்த்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு, டிரைவரே. லீஸல் திரும்பி வந்த மாதிரி இருக்கு."

"நான்தான்."

"தெரியும். அவ இவ்வளவு விறகு போட மாட்டா. கஞ்சப்பிசினாறி."

கிறிஸ்துமஸுக்கு ஸ்டோலன் கேக்கில் ஒரு துண்டு முழுதாகச் சாப்பிட்டாள். குட்ரூனை இரண்டு பல்பாக எண்ணச் சொன்னாள். இனி இங்கேயே படுத்துக்கொள்ளேன் என்று அவரிடம் கேட்டாள். சுவர் நன்றாகச் சூடாகட்டும், இன்னும் ஒரு வாரம் போனால் ஓர் இரவு விட்டாலும் தாங்கும் என்று அவர் விளக்கினார். கல்லின் குணம் அப்படி. அவர் சொன்னது சரிதான். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

புத்தாண்டுக்கு முன் ஒரு காலையில், குட்ரூன் படிகளில் சாம்பலைத் தூவிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கோட்ஹார்ட் கணப்பின் முன் மண்டியிட்டுக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொண்டார். ஆனாலும் கையிலிருந்த கட்டையை உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் எழுந்தார். ரோஸ்வீத்தாவின் அறையில் இருபத்தொன்று இருந்தது. மேலே கிடந்த இரண்டாம் போர்வையை அவளே விலக்கித் தள்ளியிருந்தாள்.

ரோஸ்வீத்தாவின் அடக்கத்தில் மேல்ஹார்ன் பாடினார். அடுத்த வாரமே வாரியத்திலிருந்து அவரும் ஸைஃபர்டும் சேர்ந்து வந்தார்கள், துக்கம் கேட்கவும் ஒரு நல்ல செய்தி சொல்லவும். இரண்டு வீட்டு வாசலிலும் தட்டி, கடைசியில் கோட்ஹார்டை லீஸலின் கணப்பருகே கண்டார்கள். நானும் குட்ரூனும் இருந்தோம்.

"அன்னைக்கு உங்க கேஸைப் பத்திக் கமிட்டியில பேசினேன்," என்றார் ஸைஃபர்ட். "சிலருக்கு ஒன்பதாம் பிரிவு மேலயே சந்தேகம் வந்துடுச்சு. போய் அளந்துடுவோம்னு, எங்க வரலாற்றுலயே முதல்முறையா, தெர்மாமீட்டர் எடுத்துட்டு வந்திருக்கோம்."

மேல்ஹார்ன் அதைச் சுவரருகே பிடித்தார். கோட்ஹார்டும் சேர்ந்து மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இருபது," என்றார் மேல்ஹார்ன். "இத்தனை வருஷமா மேசையில உக்காந்து சொல்லிட்டே இருந்தோம். கண்ணால பாத்ததில்ல."

"நீங்க இந்தக் குளிர்காலத்துல எங்களைச் சந்தேகப்பட்டது எங்களுக்கு வருத்தம் இல்ல, ஊலிக் ஐயா," என்றார் ஸைஃபர்ட். "ஜனங்க பொறுமையா இருந்தா தரவிதி சொல்றது நடக்கும். இதை ஆண்டறிக்கையில சேக்கறோம். உங்க பேரைப் போட மாட்டோம், அண்டை வீட்டார்னு மட்டும் போடுவோம்."

இன்னொன்றும் இருந்தது. அறையிலிருந்து பிராணவாயு இயந்திரம் போய்விட்டது. அதன் முந்நூறு வாட் வரவு இனி இல்லை. நோயாளியின் எண்பதும் இல்லை. தெருக்காரர்கள் வருவதும் நின்றுவிட்டது. வரவு குறைந்தால் பங்கு கூட வேண்டும், அதுதான் நியாயம். வாரியம் எந்த விண்ணப்பமும் கேட்காமல், தானாகவே முன்வந்து அறுநூற்று எண்பது வாட் கூட்டிக் கொடுத்தது. மேல்ஹார்ன் இடப்பக்க வீட்டுக்குப் போய் வால்வைத் திருப்பி, புது முத்திரை வைத்துவிட்டு வந்தார். அந்த அறையில் வெந்நீர் ஓடும் சத்தம் அன்றைக்குத்தான் முதலில் கேட்டது என்றாள் குட்ரூன்.

கோட்ஹார்ட் வீடு திரும்பவில்லை. விறகு தீர்ந்தால் கேட்பார், கொடுப்போம். நாளாக ஆக எங்கள் கொட்டகைகள் காலியாகின. கேட்க ஒருத்திக்குத்தான் தைரியம் உண்டு. ஒரு மத்தியானம் குட்ரூன் போய், கணப்பின் முன் அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாய்யா. உன் வீட்டுல இப்ப நல்லா சூடு வருது. சட்டையோட உக்காரலாம்."

"வரேன். இந்தக் கட்டை எரிஞ்சு முடியட்டும்."

"முந்தாநாளும் இதையேதான் சொன்ன."

அவர் கதவைத் திறந்து இன்னொரு கட்டையை உள்ளே வைத்தார்.

"யாருக்குய்யா எரிக்கற?" என்றாள் குட்ரூன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லையே."

கோட்ஹார்ட் கரியைக் கிளறிவிட்டு, முகப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் போலப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"தரவிதியில அப்படி இல்ல."